இரண்டாம் பாகமே சிறந்தது என்று சொன்னவன்

போன வாரம் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் நீங்கள் மூட்டிய சண்டை இன்னும் ஓயவில்லை. உலகம் அழிந்தபின் நடக்கும் அந்தக் கணினி விளையாட்டுக்குப் புதிய பாகம் வரப்போவதாக ஒருவர் செய்தி போட்டார். உடனே பழைய மூன்று பாகங்களில் எது சிறந்தது என்று ஆரம்பித்துவிட்டீர்கள். சர்க்கரை மாத்திரை விழுங்குகிற வயதில், பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்புகிற வயதில், நாள் முழுக்க இதே வேலை. ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "ஏலே, அன்னைக்கு நீதான ரூல்ஸ் போட்ட? இப்ப ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குற?"

கேட்டதால் சொல்கிறேன். நான் சுருக்கமாக எழுதத் தெரியாதவன். இராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து, எதையும் மூன்று பிரதிகளில் எழுதிப் பழகி, நாற்பத்தோரு வயதில் ஓய்வூதியர் ஆனவன். எந்தப் படிவத்துக்கு எந்த இணைப்பு, எந்த மனுவுக்கு எத்தனை நாள் கெடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த அறிவு எதற்கும் உதவாத ஒரு விஷயம்தான் இது.

இராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று கணினிகள், பச்சைத் திரைச்சீலை, ஒரே ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் எங்கள் மீது வீசாது, கணினிகளுக்குத்தான். கீழ்க்கடையின் புது ரப்பர் வாசனையும், வெயிலில் நடந்து வந்த எங்கள் வாசனையும், சூடான மானிட்டரில் தூசி கருகும் வாசனையும் சேர்ந்து அந்த அறையில் கெட்டியாக நிற்கும். கரண்ட் போனால் யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தும். அது நிற்பதற்குள் விளையாட்டை மூட வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறை அது. நாங்கள் மூன்று பேர். ஒருவன் துபாய்க்காரர் மகன். அவன் வாப்பா ஊருக்கு வரும்போது பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஒரு சி.டி.யில்தான் அந்த மூன்று பாகங்களும் இருந்தன. விரல் பட்டால் சி.டி. பிசுபிசுக்கும். இரண்டாமவன் நான். மூன்றாமவன் எங்கள் வகுப்பிலேயே படித்த, கடலோர இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்துபோன பையன். நாம் அவனை என்னவென்று அழைத்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 'முகாம்' என்றுதான். அவன் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். நமக்கு அதில் தப்பேதும் தெரியவில்லை.

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போர் நடந்து ஊர்களெல்லாம் சாம்பலாகி, கடலும் வற்றிவிட்ட உலகம். முதல் பாகத்தில் நீங்கள் தனியாள். காய்ந்த கடல்தரையில் கிணறு கிணறாகத் தேடி நடக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் பதினோரு பேர் கொண்ட கூட்டத்துக்கு நீங்கள் தலைவர். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் தேட வேண்டும். மூன்றாம் பாகத்தில் உங்களிடம் ஊர் இருக்கிறது, வண்டி இருக்கிறது, துப்பாக்கிகள் இருக்கின்றன.

துபாய்க்காரர் மகன் மூன்றாம் பாகத்தின் ஆள்.

"மூணாவதுலதாம்ல வண்டி இருக்கு. ஒன் ஒண்ணாவதுல நடந்தே சாகணும்" என்பான்.

"நடக்குறதுதாம்லே கதையே. வண்டி வேணும்னா கீழ பஸ் ஸ்டாண்டுல போயி நில்லு" என்பேன் நான்.

"உங்க ரெண்டு பேருக்கும் விளங்கேல்ல" என்பான் மூன்றாமவன், மெதுவாக. "ரெண்டாவதுதான் உண்மையான விளையாட்டு."

"அதுல என்னலே இருக்கு? பதினோரு பேருக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு, எங்க உம்மா மாதிரி."

"ஓம், அதுதான். சுடுறது லேசு. சோறு குடுக்கிறதுதான் கஷ்டம்."

சிரித்தோம். சென்டரை நடத்திய அண்ணனும் சிரித்தார். அவனும் சிரித்தான் என்றே எனக்கு நினைவு.

இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் உண்டு. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே நீர்ப்பரப்பைப் படகில் கடக்க வேண்டும். படகில் எட்டுப் பேருக்குத்தான் இடம். எந்த மூவரை விட்டுவிட்டுப் போவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அவன் அந்த இடம் வரை வேகமாக வருவான். வந்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவான். சில நாள் தேர்ந்தெடுப்பான். பல நாள் அப்படியே எழுந்து போய்விடுவான். அந்த ஒரு கட்டத்துக்காகவே தினமும் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

"ஏலே, ஒனக்குப் படக விட்டா வேற வழி தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த விளையாட்டைச் செய்தவனுக்குத் தெரிஞ்சிருக்குடா" என்றான். "படகில ஏறேக்க ஆரும் அழுறேல்ல. கரை தெரியாமப் போனாப் பிறகுதான் அழுவினம்."

நான் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். நான் கேட்டது வேறு: "சரி, எந்திரி, என் முறை வந்திருச்சு."

சண்டை முற்றி, துபாய்க்காரர் மகன் இனி சி.டி. கொண்டுவர மாட்டேன் என்ற நாளில்தான் நான் நடைமுறை வகுத்தேன். அப்போதே எனக்கு அந்த வியாதி இருந்தது. ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஏழு விதிகள் எழுதினேன். ஒவ்வொருவரும் தன் பாகமே சிறந்தது என்று எழுத்தில் வாதிட வேண்டும். வாய்ச்சண்டை செல்லாது. ஆதாரம் இல்லாத வாதம் செல்லாது. வரைபடம், ஆயுதப் பட்டியல், காவல் விவரம் எல்லாம் இணைக்க வேண்டும். நோட்டு ஒவ்வொருவரிடமும் மூன்று நாள் இருக்கும். தீர்ப்பு சென்டர் அண்ணனுடையது.

வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக நானே போட்டேன். அதில் வரும் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே நம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினேன். உப்புப் பாளங்களாகக் கிடக்கும் ஊர் சாயல்குடி ஆயிற்று. துப்பாக்கிச் சந்தை கமுதி. மூன்று பாகங்களிலும் வருகிற, வற்றிய கடல்மேல் நீண்டு கிடக்கும் துருப்பிடித்த பாலத்துக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? பாம்பன் என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். கீழே விவரம்: 'பகலில் காவல் ஆறு பேர். ஆறு மணிக்கு ஆள் மாறும். தெற்குத் தூணில் வெடி வைத்தால் போதும், வழி திறக்கும்.' என் கையெழுத்து அப்போது குண்டுகுண்டாக, பள்ளியில் பரிசு வாங்கிய எழுத்தாக இருந்தது. அந்த நோட்டில் எங்குமே இது விளையாட்டு என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் மூவருக்கும் தெரிந்ததை எதற்காக எழுத வேண்டும்?

நான் என் வாதத்தை எழுதினேன். துபாய்க்காரர் மகன் தன் வாதத்தைப் பெரும்பாலும் வண்டிப் படமாக வரைந்தான். பிறகு நோட்டு மூன்றாமவனிடம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அதை அவன் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கியது நினைவிருக்கிறது. முகாமில் சாயங்காலம் ஆள் எண்ணுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"திங்கள் பாருங்கோ. ரெண்டு பேரும் கட்சி மாறுவீங்கள்" என்றான்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை.

நாங்கள் மாடி ஏறியபோது பச்சைத் திரைச்சீலை கழற்றப்பட்டிருந்தது. சென்டர் அண்ணன் மூன்று கணினிகளையும் திறந்துவைத்து எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இங்கன இனிமே கேம் கெடையாது. பயோடேட்டா அடிக்கிறது, டைப்பிங் கிளாஸ், அம்புட்டுத்தான். எறங்குங்கலே."

"என்னண்ணே ஆச்சு?"

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். சட்டைக்குள் நோட்டு. அதில் பாலத்துக்குப் படம், காவல் விவரம், வெடி. சாதாரண உடையில் இரண்டு பேர் காலையில் இங்கே வந்து, முகாம் பையன் என்ன செய்வான், யாருடன் வருவான் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க அந்த கேமப் போட்டுக் காட்டியிருக்கலாம்லண்ணே" என்றேன். "பாலம் அதுலதான இருக்கு?"

"காட்டுனா, நாந்தான் படம் போட்டுக் காட்டிப் பழக்கிவிட்டேம்பாக. போலே. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

அவர் கெட்டவர் அல்ல. எங்களிடம் அரைமணி நேரத்துக்கு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் விட்டவர். அன்று பயத்தில், அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை மூன்று கணினிகளிலிருந்தும் துடைத்துவிட்டார். சி.டி. ஒன்று மிச்சமிருந்தது. துபாய்க்காரர் மகன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவன் உம்மா அதை வாங்கி, அம்மிக் குழவியால் நான்கைந்து துண்டாக்கிக் கிணற்றில் போட்டார். மறுநாளே அவனைக் கீழக்கரையில் உம்மாவின் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் சைக்கிளில் வந்து, எங்கள் வாசலில் காலூன்றி நின்றபடியே இதைச் சொன்னான். "வாப்பாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சடைச்சு மவுத்தாயிருவாகன்னு உம்மா அழுவுறா. நீயும் பேசாம இருலே. அவன் நம்ம பேரச் சொல்லல போல."

எங்கள் அய்யா அரசு அலுவலகத்தில் உதவியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். அன்றைக்கு அவரே ஆரம்பித்தார். "முகாம்ல ஒரு பய பாலத்துக்கு மேப்பு போட்டு வச்சிருந்தானாம். ஆபீஸ் பூரா இதே பேச்சு. சோறு போட்ட வீட்டுக்கே..."

"அய்யா, அது கேமு. மேப்பு நாந்தான் போட்டேன். பேரும் நான் வச்சதுதான்."

மோரை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அய்யா நிமிரவில்லை. சோற்றை முழுக்கச் சாப்பிட்டார், கை கழுவினார், துண்டில் துடைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"வாங்க அய்யா, போயிச் சொல்லிருவோம்" என்றேன். "ஒங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே."

"தெரியும். தெரிஞ்சதுனாலதாஞ் சொல்றேன். ஒரு தடவ பேரு பைலுக்குள்ள போச்சுன்னா வெளிய வாராதுலே. நாளைக்கு நீ எந்த வேலைக்கு எழுதிப் போட்டாலும் ஸ்டேசன்லேர்ந்து ரிப்போர்ட்டு கேப்பான். அப்ப என்ன செய்வ?"

"அவன் ஒண்ணுமே பண்ணலய்யா."

"பண்ணலேன்னா விசாரிச்சிட்டு விட்ருவாக. அதுக்குத்தான விசாரணை?"

இதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்றும், மெல்லிய முள் வைத்த இங்க் பேனா ஒன்றும் வாங்கிவந்தார். என் பழைய பள்ளி நோட்டுகளை எல்லாம் அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டார். மறுநாள் காலையிலிருந்து எனக்குப் பயிற்சி தொடங்கியது. எழுத்து வலப்பக்கம் சாய வேண்டும். 'ப'வின் அடி தட்டையாக இருக்க வேண்டும். 'ன'வின் சுழி சிறுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். அய்யா சிவப்பு மையில் திருத்துவார். பழைய குண்டெழுத்து எங்காவது எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும். என்னை அடித்ததில்லை. கோபித்ததும் இல்லை. பொறுமையாக, ஒரு தவறான கோப்பைச் சரிசெய்வதுபோல, என் கையைச் சரிசெய்தார்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்தைத் திருத்தியபடியே சொன்னார். "ஒம் பிரண்டு எல்லாத்தயும் தானே எழுதுனேன்னு சொல்லிட்டானாம். வேற யாரும் இல்லன்னுட்டானாம்." அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டு, "நல்ல பய" என்றார்.

நான் 'ப' எழுதினேன்.

அதற்கும் பிறகு ஒருமுறை அவனைப் பார்த்தேன். இங்க் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். டீக்கடை ஓரம் ஒரு போலீஸ் வேன் நின்றது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவன், பக்கத்தில் அவன் அம்மா. அவர் மடியில் ஒரு அலுமினியப் பானை, அதற்குள் துணிகள். வேறு மாவட்டத்தில் பூட்டுப் போட்ட முகாம் ஒன்றுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மகனை மட்டும் தனியே அனுப்ப மாட்டேன் என்று அந்த அம்மா தானும் ஏறிவிட்டாராம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேனா என்று தெரியவில்லை. தூக்கியதாகப் பல வருடம் சொல்லிக்கொண்டேன். அவன் பார்வை என் மீது நிற்காமல், எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவரிடம் போய், அங்கிருந்து வாழைப்பழத் தாருக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். கோபமாக இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். இராணுவத்தில் பத்து வருடம் கழிந்த பிறகு, விசாரணைக்கு வந்த ஒரு சிப்பாய், அறைக்கு வெளியே நின்ற தன் தோழனை அதே மாதிரி பார்க்காமல் கடந்துபோனதைக் கண்டேன். அன்றுதான் விளங்கியது. என்னைத் தெரிந்ததாக யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் அந்தக் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டான். அவனுக்கு வயது பதினைந்து.

பத்தொன்பது வயதில் நான் இராணுவத்துக்குத் தேர்வானபோது காவல் நிலையத்திலிருந்து வந்த அறிக்கை சுத்தமாக இருந்தது. அய்யா அதை ஒரு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாகும்வரை பெட்டியில் வைத்திருந்தார். என் சாய்ந்த கையெழுத்தை அதிகாரிகள் பாராட்டினார்கள். பட்டாலியனில் முக்கியக் கடிதம் என்றால் என்னிடம்தான் வரும்.

ஓய்வுபெற்று வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் கையிலெடுத்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பதில் வந்தது: அந்தக் காலத்துப் பதிவேடுகள் பாதுகாப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன. மேல்முறையீடு செய்தேன். அதே பதில், வேறு கையொப்பம். அதில் பொய் இருப்பதாக நான் சந்தேகிக்கவில்லை. அதுபோன்ற கோப்புகளைப் பட்டியலிட்டு, எரித்து, சான்றளித்து நானே கையொப்பமிட்டிருக்கிறேன். பிறகு, வரைபடம் என்னுடையது என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு நோட்டரி வக்கீலிடம் போனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"சார், இத யாருகிட்ட குடுக்கப் போறீங்க?"

"அதத்தான் கேக்க வந்தேன்."

"கேஸ் நம்பர் இருக்கா?"

"கேஸே போடல. கொண்டுபோயி வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்ப எதுலேர்ந்து சார் அவர விடுவிக்கச் சொல்றீங்க?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யோசித்தார். நானும் யோசித்தேன். வழக்கு இல்லை, ஆகவே தீர்ப்பு இல்லை, ஆகவே திருத்துவதற்கு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இதற்கு ஒரு வாசல் கிடையாது.

நேற்று துபாய்க்காரர் மகனைக் கூப்பிட்டேன். அவனும் இப்போது துபாய்க்காரன்தான். குழுவில் மூன்றாம் பாகத்துக்காக உங்களோடு மல்லுக்கட்டுவது அவன்தான் என்பதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன்.

"மகனுக்குக் கனடா போக போலீஸ் கிளியரன்ஸ் போட்டிருக்கோம்லே" என்றான். "எம் பேரு வேணாம்."

"போடல."

"அவன் பேர?"

அவன் பேரையாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். முழுப்பெயரும் எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் எனக்கு அடுத்த பெயர் அது. உங்களில் யாருக்கும் அது நினைவில் இல்லை என்பதைக் குழுவில் பார்த்தேன். ஒருவர் 'அந்த முகாம் பையன் என்ன ஆனான்' என்று கேட்க, இன்னொருவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார். ஆனால் அவன் உயிரோடு இருந்தால், எங்காவது ஒரு நாட்டில், ஒரு மேசைக்கு முன்னால், குடியுரிமைக்கோ வேலைக்கோ காத்துக்கொண்டிருக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெயரைத் தட்டித் தேடுவார். பாலம், வெடி, வரைபடம் என்று நான் எழுதிய இது வந்து நிற்கும். அப்படி நடக்கும் என்பது என் கற்பனை அல்ல. நானும் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெயர்களைத் தேடியவன்.

ஆகவே அவன் பெயரையும் எழுதவில்லை. அவனுடைய நன்மைக்குத்தான்.